எந்த ஊர், எந்த மாதம், யார் கைக்கு எவ்வளவு?

மார்கழி மாதம் சென்னையில் முருங்கைக்காய் வாங்கப் போனால் கிலோ விலை சொல்லக் கடைக்காரரே கூச்சப்படுவார். ஒரு காய்க்கு இவ்வளவு என்று எண்ணித்தான் விற்பார். அதே காய் சித்திரையில் தள்ளுவண்டியில் கட்டுக் கட்டாக வாசலுக்கே வரும். இதில் பலருக்குத் தெரியாத விஷயம், மார்கழியில் கிடைக்கும் காயில் நிறைய மகாராஷ்டிரத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் லாரி ஏறி வந்தது. வாங்கியவரிடம் கேட்டால் "முருங்கை நம்ம நாட்டுக் காய்தானே" என்பார். காய் நம்முடையதுதான். விளைந்த ஊர் வேறு, அவ்வளவுதான்.

இந்தக் குழப்பம் இப்போது கடைப் பலகைகளிலும் ஏறிவிட்டது. லோக்கல், சீசனல், ஆர்கானிக், நாட்டு, இயற்கை, பண்ணையிலிருந்து நேரடியாக என்று என்ன எழுதியிருந்தாலும் நாம் படிப்பது "நல்ல காய், விலை கொஞ்சம் அதிகம்" என்றுதான். உண்மையில் இவை வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

உள்ளூர் என்பது இடத்தைப் பற்றிய கேள்வி: எங்கே விளைந்தது? பருவம் என்பது காலத்தைப் பற்றியது: செடி தானாகக் காய்க்கும் மாதத்தில் பறித்ததா? மூன்றாவது நியாயம்: விளைவித்தவருக்குக் கட்டுப்படியானதா, மண்ணும் மாடும் கோழியும் என்ன பாடுபட்டன? ஒரு காய் முதல் கேள்வியில் பாஸாகி மூன்றாவதில் ஃபெயிலாகலாம். அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். உதாரணங்களுக்குச் சென்னையையே எடுத்துக்கொள்கிறேன்.

## உள்ளூர்: வரைபடமும் மாநில எல்லையும்

சென்னையின் காய்கறிக்கு வாசல் கோயம்பேடு. 1996-இல் திறந்த இந்தச் சந்தை சுமார் 295 ஏக்கர். அதற்கு முன்னால் இந்த வியாபாரம் ஜார்ஜ் டவுனில் கொத்தவால் சாவடியில் நெருக்கியடித்துக்கொண்டு நடந்தது. விடியற்காலையில் கோயம்பேட்டில் நிற்கும் லாரிகளின் நம்பர் பிளேட்டைப் பார்த்தாலே நகரம் எங்கிருந்து சாப்பிடுகிறது என்று தெரிந்துவிடும். பெரிய வெங்காயம் நாசிக் பக்கம். தக்காளி ஆந்திராவின் மதனப்பள்ளி, கர்நாடகாவின் கோலார், அப்புறம் நம் கிருஷ்ணகிரி. கேரட் ஊட்டியிலிருந்தும் வரும், கர்நாடகாவின் மாலூரிலிருந்தும் வரும். உருளைக்கிழங்கு ஊட்டியில் ஆரம்பித்து ஆக்ரா வரைக்கும் எந்த ஊராகவும் இருக்கலாம்.

இங்கே முதல் தவறான எண்ணம் உடையும். "உள்ளூர் என்றால் தமிழ்நாட்டில் விளைந்தது" என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சென்னையிலிருந்து மதனப்பள்ளி சுமார் 250 கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளில் ஒன்றான ஒட்டன்சத்திரம் 450 கிலோமீட்டர் போல வரும். அந்தச் சந்தையின் காய்களோ பெருமளவு கேரளாவுக்குப் போகின்றன. சென்னைவாசிக்கு ஆந்திரத் தக்காளிதான் பக்கத்து ஊர்த் தக்காளி. செடிக்கு மாநில எல்லை தெரியாது.

அப்படியென்றால் சென்னைக்கு உண்மையிலேயே உள்ளூர் எது? என் கணக்கில் முதல் இடம் கீரைக்கு. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் சாயங்காலம் பிடுங்கிக் கட்டிய கீரை விடியற்காலை நகரத்துக்குள் வந்துவிடுகிறது. மறுநாள் சாயங்காலம் அதற்கு முகம் இருக்காது. தூரம் போகவே முடியாத பயிர் என்பதால் அது உள்ளூராக இருந்தே ஆக வேண்டும். விதைத்து மூன்று, நான்கு வாரத்தில் சிறுகீரை கைக்கு வந்துவிடுவதால் நகர ஓரத்துச் சின்ன நிலத்துக்கும் கட்டுப்படியாகிறது. ஆனால் ஒன்று: நகரத்தின் கழிவுநீர் கலந்த தண்ணீரில் வளர்ந்த கீரையும் உள்ளூர்க் கீரைதான். பக்கத்தில் விளைந்தது என்பதற்காகவே சுத்தம் என்று ஆகிவிடாது.

## தூரம் பெரிய பாவமா?

வயலிலிருந்து தட்டு வரை உணவு கடக்கும் தொலைவை உணவுத் தூரம் என்கிறார்கள். தூரம் கூடினால் டீசல் கூடும், புகை கூடும், ஆகவே தூரத்துக் காய் கெட்டது என்பது பொதுவான வாதம். பாதிதான் சரி.

ஐம்பது பேர் ஏறிய பஸ் எரிக்கும் டீசலையும் தனியாகக் காரில் போகிறவர் எரிக்கும் பெட்ரோலையும் ஆளுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் பஸ்காரர்தான் சிக்கனம். காய்க்கும் இதே கணக்குதான். நாசிக்கிலிருந்து 15 டன் வெங்காயம் ஏற்றிய லாரி சுமார் 1,250 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 310 லிட்டர் சொச்சம். கிலோ வெங்காயத்துக்கு 21 மில்லி டீசல், ஒரு சின்னக் கரண்டி அளவு. இப்போது நாம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி உள்ள ஆர்கானிக் கடைக்குப் போய் இரண்டு கிலோ காய் வாங்கி வருகிறோம். போக வர 6 கிலோமீட்டர், லிட்டருக்கு 45 என்றால் 130 மில்லிக்கு மேல் பெட்ரோல். கிலோவுக்கு 65 மில்லி ஆகிவிட்டது. காரில் போயிருந்தால் கேட்கவே வேண்டாம்.

இது குத்துமதிப்பான கணக்குதான். ஆனால் ஆய்வுகளும் இந்தப் பக்கமே கை காட்டுகின்றன. அமெரிக்கக் குடும்பங்களின் உணவை வைத்து கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் வெபர், மேத்யூஸ் என்ற இருவர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், உணவால் வரும், பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு 11 சதவீதம்தான். விளைவிக்கும் வேலையின் பங்கு 83 சதவீதம். நம் ஊர் எண்கள் வேறாக இருக்கலாம், ஆனால் உரம், தண்ணீர் இறைக்கும் மோட்டார், மாட்டின் வயிற்றிலிருந்து வரும் மீத்தேன், நெல் வயலில் தேங்கிய நீர் என்று பெரும் பங்கு வயலிலேயே உண்டாகிவிடுகிறது என்பது இங்கேயும் பொருந்தும். விமானத்தில் வரும் பழம் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது தனி ரகம்.

சுருக்கமாக இதுவரை: உள்ளூர் என்பது தூரம், மாநிலம் அல்ல. தூரம் குறைந்தால் காய் புதிதாக இருக்கும், விளைந்த இடத்தை விசாரிக்க முடியும். சுற்றுச்சூழல் லாபம் மட்டும் நினைப்பதைவிடக் குறைவு.

## பருவம்: செடிக்கு எப்படி மாதம் தெரிகிறது?

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது எல்லோருக்கும் தெரிந்த பழமொழி. பட்டம் என்பது ஒரு பயிரை விதைக்க ஏற்ற காலத் துண்டு. ஆடிப் பட்டம், கார்த்திகைப் பட்டம், தைப் பட்டம், சித்திரைப் பட்டம் என்று விவசாயிகள் பிரித்து வைத்திருக்கிறார்கள். இதற்குப் பின்னால் மூன்று விஷயங்கள் வேலை செய்கின்றன: மழை, வெப்பம், பகலின் நீளம்.

மழைக்கு முருங்கையைப் பார்க்கலாம். அது வெயில் மரம். பூத்திருக்கும்போது அடைமழை பெய்தால் பூ கொட்டிவிடும், மண்ணில் ஈரம் அதிகமானாலே பூ எடுக்கத் தயங்கும். பூவிலிருந்து காய் முற்ற ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை கொட்டிய பூவின் கணக்கு, மார்கழியில் நம் கடைக்காரரின் கூச்சமாக வெளியே தெரிகிறது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பி.கே.எம்.1 என்ற செடிமுருங்கை வந்தபிறகு முருங்கை சாகுபடி எவ்வளவோ பெருகிவிட்டது. இருந்தும் மழையை அதனாலும் ஏமாற்ற முடியவில்லை.

வெப்பத்துக்குத் தக்காளி. இரவு கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தால்தான் தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்கும். பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி நின்றால் மகரந்தம் வீணாகிவிடும். அதனால்தான் தை, மாசியில் மலிந்து கிடக்கும் தக்காளி, கோடை கழிந்து ஆனி, ஆடியில் அடிக்கடி ஏறிவிடுகிறது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சென்னையில் டிசம்பரின் மிகக் குறுகிய பகலுக்கும் ஜூனின் மிக நீண்ட பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். நமக்கு அது உறைப்பதே இல்லை, பந்தல் அவரைக்கும் மொச்சைக்கும் உறைக்கிறது. ஆடியில் விதை போட்டால் கொடி பந்தல் முழுக்கப் படரும், இலையாகத் தள்ளும், பூவைக் கண்ணில் காட்டாது. பகல் சுருங்கத் தொடங்கிய பிறகே பூக்கும். அதற்கு முன் எவ்வளவு உரம் போட்டாலும் அசையாது. பகல்நீளத்தை அளந்து பூக்கும் இந்தக் குணத்துக்கு ஒளிக்கால உணர்வு என்று பெயர். பொங்கலுக்கு மொச்சையும் அவரையும் குழம்பில் விழுவது அப்போது அவை மலிந்து கிடப்பதால்தான். இப்போது வருடம் முழுக்கக் கிடைக்கும் அவரைக்காயில் பெரும்பாலானது இந்த உணர்வு நீக்கப்பட்ட குத்துச்செடி ரகம். அது குற்றமில்லை. ஆனால் மார்கழிப் பந்தல் அவரையின் வாசனை அதில் இருக்காது என்று நான் சத்தியம் செய்வேன்.

## பருவம் தவறிய காய் எங்கிருந்து வருகிறது?

இரண்டு வழிதான் முக்கியம். ஒன்று, பருவம் இருக்கும் வேறு ஊரிலிருந்து வரும், மார்கழி முருங்கை மாதிரி. இன்னொன்று, சேமிப்பிலிருந்து வரும். நாசிக் பக்கம் பங்குனி, சித்திரையில் அறுவடையாகும் ரபி (குளிர்காலத்தில் நட்ட) வெங்காயத்தைக் காற்றோட்டமான கொட்டகைகளில் குவித்து ஐப்பசி வரை விற்கிறார்கள். பழைய இருப்பு தீர்ந்து, புது வெங்காயம் மழையில் அடிபட்ட வருடம் தீபாவளிக்கு விலை எகிறும். ஆவணியிலிருந்து ஐப்பசி வரை காஷ்மீரிலும் இமாச்சலிலும் பறித்த ஆப்பிள், ஆக்சிஜனைக் குறைத்து வைத்த குளிர் அறைகளில் அடுத்த கோடை வரை தூங்குகிறது.

சேமிப்பைத் திட்ட வேண்டியதில்லை. சுண்டைக்காய் வத்தலும் மோர்மிளகாயும் மாவடுவும் சேமிப்பல்லாமல் வேறென்ன? கவலைப்பட வேண்டியது அவசரப் பழுக்க வைத்தலுக்கு. பங்குனி தொடக்கத்திலேயே மஞ்சளாகப் பளபளக்கும் மாம்பழத்தைப் பாருங்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. எத்திலீன் வாயுவை அளவோடு பயன்படுத்த அனுமதி உண்டு, பழம் தானாகப் பழுக்கும்போது வெளியிடுவதும் அதே வாயுதான். இரண்டையும் ஒன்றாக்கி "எல்லாம் கெமிக்கல்" என்று சொல்லிவிடுகிறோம். காய் முற்றியதா என்பதுதான் பருவத்தின் கேள்வி. முற்றாத காயை எந்த வாயு பழுக்க வைத்தாலும் நிறம்தான் வரும், ருசி வராது.

சுருக்கமாக: பருவக் காய்க்கு லேபிள் தேவையில்லை, விலையே சொல்லிவிடும். எல்லாக் கடையிலும் ஒரே நேரத்தில் ஒரு காய் மலிந்து, பார்க்கவும் நன்றாக இருந்தால் அதற்கு அது பருவம்.

## மலிவு யாருக்கு?

இங்கேதான் சங்கடம். பருவத்தில் வாங்கினால் நமக்கு மலிவு. அந்த மலிவு விவசாயியின் தலையில் விழுகிறது.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, தமிழக அரசு சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது நினைவிருக்கும். அந்த விலையைப் பார்த்து ஊர் முழுக்கத் தக்காளி நட்டார்கள். நாற்று நட்டு இரண்டு, இரண்டரை மாதத்தில் எல்லாருடைய தக்காளியும் சேர்ந்து சந்தைக்கு வந்தது, விலை சரிந்தது. சரிந்ததும் அடுத்த பட்டத்தில் நடுகிறவர்கள் குறைவார்கள், மறுபடி ஏறும். பொருளாதாரத்தில் இதைச் சிலந்திவலைச் சுழற்சி என்பார்கள். பறிகூலிக்கே கட்டாமல் தக்காளியை ரோட்டோரம் கொட்டும் படங்கள் பேப்பரில் வருவது இந்தச் சுழற்சியின் அடிமட்டத்தில்தான். அன்று நாம் கிலோ பதினைந்துக்கு வாங்கியது உள்ளூர்த் தக்காளி, பருவத் தக்காளி. நியாயமான தக்காளி என்று சொல்ல வாய் வராது.

விலை உயர்ந்தாலும் அது வயலுக்குப் போய்ச் சேர்வதில்லை. நாம் தக்காளிக்குக் கொடுக்கும் 100 ரூபாயில் விவசாயிக்குப் போவது சுமார் 33 ரூபாய், வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37 என்று 2024-இல் வந்த ரிசர்வ் வங்கி ஆய்வறிக்கை மதிப்பிட்டது. மீதி எல்லாம் கொள்ளை என்று முடிவு கட்ட வேண்டாம். லாரி வாடகை, சுமைகூலி, மண்டி கமிஷன், அழுகிப் போகும் காய், கடைக்காரரின் வயிற்றுப்பாடு எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் இடையில் மாறும் கைகள் குறைந்தால் பங்கு மாறும்.

உழவர் சந்தை அந்த யோசனையில் பிறந்ததுதான். 1999 நவம்பர் 14 அன்று முதல் சந்தை மதுரை அண்ணா நகரில் திறந்தது. அடையாள அட்டை உள்ள விவசாயிகள் மட்டும் விற்கலாம், கடைக்கு வாடகை இல்லை. காலையில் பலகையில் எழுதும் விலை, மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடவும் வெளிச்சந்தைச் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாகவும் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம். சென்னைக்காரர்களின் துரதிர்ஷ்டம், நகரத்துக்குள் வயல் இல்லாததால் பல்லாவரம், மேடவாக்கம், நங்கநல்லூர் என்று தெற்குப் புறநகர்ப் பக்கம் போக வேண்டும். மதுரை, கோவை, சேலம்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

## ஆர்கானிக் சீட்டு எதைச் சொல்கிறது?

ஆர்கானிக் என்பது விளைவித்த முறைக்கான சான்று. ரசாயன உரம், பூச்சிக்கொல்லி இல்லாமல் விளைந்தது, ஆண்டுப் பயிராக இருந்தால் நிலம் பொதுவாக இரண்டு வருட மாற்றுக் காலத்தைக் கடந்திருக்கிறது என்பதை அது சொல்கிறது. சான்று இரண்டு வகை. வெளி நிறுவனம் வந்து சோதித்துத் தருவது மூன்றாம் தரப்புச் சான்று. பக்கத்து நிலத்துக்காரர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்து உறுதி தருவது பங்கேற்பு உத்தரவாத முறை. சான்று பெற்ற பொட்டலத்தில் ஜைவிக் பாரத் முத்திரை இருக்கும். நேரடியாக விற்கும் சிறு விவசாயிக்குச் சட்டம் விலக்கு தந்திருக்கிறது, ஆகவே முத்திரை இல்லாதவர் எல்லாம் ஏமாற்றுக்காரர் இல்லை.

அந்தச் சீட்டில் இல்லாததையும் பாருங்கள். களை எடுத்த பெண்களுக்கு என்ன கூலி என்று அதில் இல்லை. எத்தனை கிலோமீட்டர் வந்தது, எந்த மாதம் பறித்தது என்றும் இல்லை. இமாச்சல் ஆர்கானிக் ஆப்பிளைப் பங்குனியில் சென்னையில் வாங்கினால் அது ஆர்கானிக், ஆனால் உள்ளூரும் இல்லை, பருவமும் இல்லை.

"நாட்டு" என்ற சொல் இன்னும் வழுக்கும். நாட்டுத் தக்காளி என்று கோயம்பேட்டில் பிரித்து விற்பது ரகத்தைத்தான் குறிக்கிறது, மருந்தடித்ததா என்பதை அல்ல. பழுப்பு நிற முட்டை எல்லாம் நாட்டுக்கோழி முட்டை என்று நம்பிக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் நிறைய. ஓட்டின் நிறம் கோழி இனத்தால் வருவது. பழுப்பு முட்டையிடும் கோழியையும் கூண்டில் அடைத்து வளர்க்கலாம், வளர்க்கிறார்கள்.

## மீனில் மூன்று கேள்வியும் சேரும் இடம்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. முன்பு 45 நாளாக இருந்தது. மீன் குஞ்சு பொரித்துப் பெருகக் கடலுக்குக் கொடுக்கும் அவகாசம் என்பது இதன் நோக்கம். காசிமேட்டில் பெரிய படகுகள் கரையோரம் கட்டிக் கிடக்கும். அந்த மாதங்களில் ஓட்டல் தட்டில் தடியாக விழும் வஞ்சிரம் பெரும்பாலும் ஐஸில் கிடந்ததோ மேற்குக் கரையிலிருந்து வந்ததோதான். மேற்கே தடை தொடங்குவது ஜூன் 1-இல். ஆனால் நாட்டுப் படகுகளும் ஃபைபர் படகுகளும் அப்போதும் கடலுக்குப் போகின்றன. அவற்றில் வரும் நெத்திலி, மத்தி, கானாங்கெளுத்தி அன்றன்றைக்குப் பிடித்தவை. தடைக்காலத்தில் மத்திக் குழம்பு வைப்பவர் மூன்று கேள்விக்கும் ஒரே வாணலியில் பதில் சொல்லிவிடுகிறார், செலவும் குறைவு.

## எதில் எதைக் கேட்பது?

தினமும் எல்லாப் பொருளுக்கும் மூன்று கேள்வியும் கேட்டால் சமையல் நடக்காது. அதனால் பிரித்துக்கொள்வது நல்லது என்பது என் கட்சி. அழுகும் பொருளில் பருவத்தைப் பாருங்கள்: காய், பழம், மீன். கடைக்காரரிடம் "இது எந்த ஊர் சரக்குண்ணே?" என்று கேட்டால் தயங்காமல் சொல்வார், மூட்டை பிரித்தவர் அவர்தான். கீரையை, தெருவில் வருபவரிடமே தினமும் வாங்கி, எந்தத் தண்ணீர் பாய்கிறது என்று பேச்சோடு பேச்சாக விசாரிக்கலாம்.

நியாயத்தைக் கேட்கச் சரியான இடம் அழுகாத பொருள்: அரிசி, எண்ணெய், பருப்பு, வெல்லம். மாதம் ஒருமுறையோ வருடம் ஒருமுறையோ வாங்குவதால் ஒரே ஒரு தடவை நன்றாக விசாரித்தால் போதும், நல்ல ஆளைப் பிடித்துவிட்டால் அடுத்த வருடமும் அவரேதான். வித்தியாசமும் பெரிது. ரேஷனில் வாங்கும் பாமாயில் பெரும்பாலும் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் பிழிந்தது. துவரையில் கணிசமானது மியான்மரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பலில் வருகிறது. கடலையும் எள்ளுமோ விழுப்புரம், திருவண்ணாமலை பக்கம் நம் கைக்கெட்டும் தூரத்தில் விளைகின்றன.

அரிசிக்கு நல்ல நேரம் தை, மாசி. டெல்டாவில் சம்பா அறுவடை முடிந்து விவசாயிக்குப் பணம் தேவைப்படும் சமயம் அது. அப்போது இரண்டு, மூன்று வீடுகள் சேர்ந்து ஒரு விவசாயியிடமோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திடமோ தூயமல்லி, கிச்சிலிச் சம்பா என்று மூட்டையாகப் பேசிக்கொள்ளலாம். புது அரிசி என்றால் சோறு குழையும், ஆகவே சில மாதம் பழகட்டும் என்று நெல்லாகவே அவரிடம் வைத்திருக்கச் சொல்லி, தேவைக்கு அரைத்து அனுப்பச் சொல்லுங்கள். முன்பணம் கேட்டால் கொடுங்கள், வட்டிக்கு வாங்குவதைவிட அது அவருக்கு மேல். லாரி ஆபீஸ் கட்டணம் யார் தலையில் என்பதை மட்டும் முதலிலேயே பேசிவிடுவது நல்லது, பின்னால் மனஸ்தாபம் வருவது பெரும்பாலும் அதில்தான்.